வடவேங்கட எல்லைச் சிக்கலும் இலங்கை உள்நாட்டுப்போரும்: ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

பல மொழியினரும் பல சமயத்தினரும் வாழும் நாடுகளில் உள்நாட்டுப்போர் மூள்வதற்கு அவ்வேற்றுமையே காரணம் என்னும் கருத்து பரவலாக நிலவுகின்றது. ஆய்வுலகம் இக்கருத்தை அப்படியே ஏற்கவில்லை. 1945ஆம் ஆண்டுக்குப் பின் நிகழ்ந்த உள்நாட்டுப்போர்களைத் தொகுத்து ஆராய்ந்த ஜேம்ஸ் ஃபியரன், டேவிட் லெய்ட்டின் ஆகிய அமெரிக்க அறிஞர்கள், இன வேற்றுமை மிகுந்த நாடு அவ்வேற்றுமையினாலேயே போருக்கு ஆளாவதில்லை என 2003இல் எழுதினர். வறுமையும் அரசின் வலுவின்மையும் மலைப்பாங்கான நிலமுமே கிளர்ச்சிக்கு இடமளிக்கின்றன என்பது அவர்தம் முடிவு. லார்ஸ் எரிக் செடர்மனும் அவருடன் இணைந்து ஆய்ந்தோரும் 2013இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு திருத்தம் கூறினர். இனக்குழுக்களின் எண்ணிக்கையைக் கணக்கிடுவதைவிட, அரசதிகாரத்திலிருந்து எக்குழு விலக்கி வைக்கப்பட்டது என்பதையே நோக்க வேண்டும் என்பது அத்திருத்தம்.

இவ்விவாதத்தைத் தெளிவுபடுத்தும் இரு நிகழ்ச்சிகள் தமிழர் வரலாற்றிலேயே உள்ளன. ஒன்று, ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டத்தில் எழுந்த வடவெல்லைச் சிக்கல். மற்றொன்று, இலங்கையில் ஆட்சிமொழிச் சட்டத்தை ஒட்டி வளர்ந்து போரில் முடிந்த இனச்சிக்கல். இரண்டும் 1950களில் முனைப்புற்றவை. இரண்டிலும் தமிழர் மற்றொரு மொழியினருடன் நிலத்திற்காகவும் மொழியுரிமைக்காகவும் முரண்பட்டனர். ஒன்று நாடாளுமன்றச் சட்டத்தில் முடிந்தது. மற்றொன்று 1983 முதல் 2009 வரை நீண்ட போரில் முடிந்தது. இவ்வேறுபாடு எதனால் நேர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

வடமாலபேட்டை வட்டாரம்

வடமாலபேட்டை, புத்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் சாலையில் அமைந்த ஊர். நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்திற்கு உரியதாயிற்று. பிரசன்ன வேங்கடேசுவரர் கோயில் அமைந்த அப்பலாயகுண்டா இம்மண்டலத்தைச் சேர்ந்தது. அரக்கோணத்திலிருந்து திருத்தணி, புத்தூர் வழியாக ரேணிகுண்டா செல்லும் இருப்புப்பாதையும் இவ்வட்டாரத்தின் ஊடே செல்கின்றது.

தொல்காப்பியப் பாயிரம் தமிழ்கூறும் நல்லுலகின் வடவெல்லையாக வேங்கடத்தைச் சுட்டுகின்றது. வேங்கடத்திற்கு அப்பால் மொழி வேறுபடும் நாடு தொடங்குவதாகச் சங்கப்புலவர் மாமூலனார் பாடியுள்ளார். ஆயினும் எல்லை என்பது இங்கு ஒரு கோடாக இருந்ததில்லை. இரு மொழியும் கலந்து வழங்கும் அகன்ற நிலப்பரப்பாகவே அது இருந்து வந்துள்ளது. புத்தூர், திருத்தணிப் பகுதிகளின் பெரும்பகுதி கார்வேட்டிநகர ஜமீனுக்கு உட்பட்டிருந்தது. வடஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளை இணைத்து ஆங்கில அரசு 1911 ஏப்ரல் 1இல் சித்தூர் மாவட்டத்தை உருவாக்கியது. நிர்வாக வசதி கருதிச் செய்யப்பட்ட இவ்வமைப்பில் மொழி ஓர் அளவுகோலாகக் கொள்ளப்படவில்லை. சென்னை மாகாணம் ஒன்றாக இருந்தவரை அதனால் பெருஞ்சிக்கல் எழவும் இல்லை.

மொழியைக் கொண்டு மாநிலம் வகுக்கத் தொடங்கியபோதுதான், ஓர் ஊர் எந்த மாநிலத்தைச் சேரும் என்பது வாழ்வைப் பாதிக்கும் வினாவாயிற்று. பள்ளியில் பயிற்றுமொழி, அரசுப் பணி, நீதிமன்ற மொழி, ஆற்றுநீர், கோயில் நிர்வாகம் ஆகிய அனைத்தும் அவ்வினாவுக்குக் கிடைக்கும் விடையைச் சார்ந்திருந்தன. மொழி வேற்றுமை பழையது. அதனோடு அரசின் பயன்கள் பிணைக்கப்பட்டமையே புதியது. இலங்கைக்கும் இது பொருந்தும்.

எல்லைப் பூசலும் தீர்வும்

தனி ஆந்திர மாநிலம் வேண்டி 1952 அக்டோபர் 19இல் சென்னையில் உண்ணாநோன்பு தொடங்கிய பொட்டி சிறீராமுலு, திசம்பர் 15இல் உயிர்நீத்தார். தெலுங்கு மாவட்டங்களில் பெருங்கலவரம் மூண்டது. நான்கு நாள்களில் தனி மாநில அறிவிப்பு வெளிவந்தது. 1953 அக்டோபர் 1இல் கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர மாநிலம் தோன்றியது. சித்தூர் மாவட்டம் முழுமையும் அதில் சேர்க்கப்பட்டது.

இதனை எதிர்த்து ம. பொ. சிவஞானம் தலைமையில் தமிழரசுக் கழகம் போராடியது. வேங்கடத்தை விடமாட்டோம் என்பது அப்போராட்டத்தின் முழக்கம். திருத்தணி வட்டாரத்தில் மங்கலங்கிழார், கே. விநாயகம் முதலியோர் மக்களைத் திரட்டினர். மறியல், கடையடைப்பு, சிறைவாசம் எனப் போராட்டம் விரிந்தது. சென்னை நகரம் யாருக்கு என்ற பூசலும் உடன் எழுந்தது. ஆந்திரத்தின் தலைநகர் ஆந்திர எல்லைக்குள்ளேயே அமையும் என 1953 மார்ச்சில் நேரு அறிவித்த பின்னரே அது தணிந்தது. இரு தரப்பிலும் உணர்ச்சி மிகுந்திருந்தது. அதனைக் குறைத்து மதிப்பிடுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

மாநிலச் சீரமைப்புக்குப் பின்னரும் எல்லைச் சிக்கல் தொடர்ந்தமையால், மத்திய அமைச்சராக இருந்த எச். வி. படாஸ்கர் நடுவராக அமர்த்தப்பட்டார். மாவட்டத்தையோ வட்டத்தையோ கொள்ளாமல் ஊரை அலகாகக் கொள்வது, அவ்வூரில் மிகுதியாக வழங்கும் மொழியைக் கருதுவது, நிலத்தொடர்ச்சியைப் பேணுவது என்பன அவர் கைக்கொண்ட நெறிகள். அவரது பரிந்துரையின்படி நாடாளுமன்றம் 1959இல் எல்லை மாற்றச் சட்டத்தை இயற்றியது. 1960 ஏப்ரல் 1இல் அது நடைமுறைக்கு வந்தது. திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. செங்கற்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களைச் சேர்ந்த சத்தியவேடு பகுதி ஊர்கள் ஆந்திரத்திற்குச் சென்றன. திருப்பதி, காளத்தி, சித்தூர் ஆகியவை ஆந்திரத்திலேயே நீடித்தன. புத்தூரும் வடமாலபேட்டையும் அவ்வாறே எல்லைக்கு அப்பால் நின்றன.

இத்தீர்வு எவருக்கும் முழுநிறைவு அளிக்கவில்லை. தமிழர் கேட்ட திருப்பதி கிடைக்கவில்லை. தெலுங்கர் கேட்ட சென்னை கிடைக்கவில்லை. இருந்தும் 1960க்குப் பின் இவ்வட்டாரத்தில் எல்லைக்காக எவரும் ஆயுதம் ஏந்தவில்லை. எனவே, கோரிக்கை முழுதும் நிறைவேறியதால் அமைதி ஏற்பட்டது என்று கூற இயலாது. அமைதிக்குரிய காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

இலங்கையில் அடைபட்ட வழிகள்

இலங்கையில் தமிழரின் கோரிக்கை தொடக்கத்தில் வடவெல்லைத் தமிழரின் கோரிக்கையைவிடக் கடுமையானதாக இல்லை. 1949 திசம்பரில் சா. ஜே. வே. செல்வநாயகம் தோற்றுவித்த இலங்கைத் தமிழரசுக் கட்சி கேட்டது கூட்டாட்சியே, தனிநாடு அன்று. அக்கோரிக்கை தனிநாடாக மாறக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அக்காலத்தில் நிகழ்ந்தவற்றை வரிசைப்படுத்தினால், குறைதீர்க்கும் வழிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடைபட்டமை புலனாகும்.

முதலில் அடைபட்டது குடியுரிமை வழி. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தாலும் அதனைத் தொடர்ந்த சட்டங்களாலும் மலையகத் தமிழர் பெரும்பாலோர் நாடற்றோராயினர்; வாக்குரிமையையும் இழந்தனர். நாடாளுமன்றத்தில் தமிழரின் எண்ணிக்கை வலிமை இதனால் குன்றியது. 1964இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை இரு நாடுகளும் பங்கிட்டுக் கொள்ளும் பொருளாக்கியது. அம்மக்களின் விருப்பம் அதில் கேட்கப்படவில்லை.

அடுத்தது ஒப்பந்த வழி. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாக்கப்பட்டது. மறு ஆண்டு சூலை 26இல் பிரதமர் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஓர் உடன்பாடு கண்டனர். வட்டார அவைகளுக்கு அதிகாரம் அளித்தல், வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாகம் தமிழில் நடத்தல் என்பன அதன் கூறுகள். ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே. ஆர். ஜயவர்த்தனா அதனை எதிர்த்துக் கண்டிக்கு நடைப்பயணம் மேற்கொண்டார். பிக்குகள் பிரதமரின் இல்லத்தின் முன் அமர்ந்தனர். 1958 ஏப்ரலில் உடன்பாடு கைவிடப்பட்டது. மே மாதம் இனக்கலவரம் வெடித்தது. 1965இல் ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் டட்லி சேனநாயக்கா செல்வநாயகத்துடன் மற்றோர் உடன்பாடு செய்தபோது, எதிர்ப்பவராக நின்றது பண்டாரநாயக்காவின் கட்சி. அவ்வுடன்பாடும் நிறைவேறவில்லை. ஆளுங்கட்சி விட்டுக்கொடுக்க முனைந்தால் எதிர்க்கட்சி அதனைத் துரோகமாகக் காட்டி வாக்குத் திரட்டுவதும், பின்னர் இடம் மாறி அதே நாடகம் நடப்பதும் இலங்கை அரசியலின் இயல்பாயின. பெரும்பான்மை இனத்தின் வாக்கை மட்டும் கொண்டு ஆட்சியைப் பிடிக்க இயலும் தேர்தல் அமைப்பில் மிதவாதம் தலைவருக்கு இழப்பையே தந்தது.

மூன்றாவது, நீதிமன்ற வழி. சிங்களத் தேர்ச்சி பெறவில்லை என்பதால் ஊதிய உயர்வு மறுக்கப்பட்ட கோடீசுவரன் என்னும் தமிழ் எழுத்தர் தொடுத்த வழக்கு இங்குக் கருதத்தக்கது. 1964இல் மாவட்ட நீதிமன்றம் ஆட்சிமொழிச் சட்டம் செல்லாது என்றது. அரசு ஊழியர் ஊதியத்திற்காக அரசின்மீது வழக்குத் தொடர முடியாது எனக் கூறி உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை 1967இல் மாற்றியது. இலண்டன் கோமறைக் கழகம் 1969இல் அதனை ஏற்காமல், அரசியலமைப்பு வினாவை ஆராயுமாறு வழக்கைத் திருப்பி அனுப்பியது. அவ்வினாவுக்கு இறுதிவரை விடை கிடைக்கவில்லை. கோமறைக் கழகத்திற்கு முறையிடும் உரிமை நீக்கப்பட்டது. சிறுபான்மையோர்க்குக் காப்பாக இருந்த 29ஆம் பிரிவு 1972ஆம் ஆண்டின் குடியரசு அரசியலமைப்பில் இடம்பெறவில்லை. பௌத்தத்திற்கு முதன்மையிடம் அளித்த அதே அரசியலமைப்பு சிங்களத்தின் ஆட்சிமொழி நிலையையும் உறுதிப்படுத்தியது.

நான்காவது, கல்வி வழி. 1970களின் தொடக்கத்தில் புகுத்தப்பட்ட தரப்படுத்தல் முறையால் பல்கலைக்கழக நுழைவில் தமிழ் மாணவர் கூடுதல் மதிப்பெண் பெற வேண்டியவராயினர். நிலவளம் குறைந்த யாழ்ப்பாணத்தில் கல்வியே உயர்வுக்கு ஏணியாக இருந்தமையின் இவ்விழப்பு இளைஞரை நேரடியாகத் தாக்கியது. 1974 சனவரி 10இல் யாழ்ப்பாணத்தில் நான்காம் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிநாள் கூட்டத்தில் காவல்துறை புகுந்ததும் உயிர்கள் மடிந்ததும் தமிழாய்வாளர் அறிந்தவை.

இறுதியாக அடைபட்டது தேர்தல் வழி. 1976 மே 14இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது. 1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களை வென்று முதன்மை எதிர்க்கட்சியாயிற்று. அவ்வாண்டே மீண்டும் கலவரம் நிகழ்ந்தது. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரியூட்டப்பட்டது. 1983 சூலை 23இல் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் 13 படைவீரர் இறந்தனர். அதனை அடுத்துக் கொழும்பிலும் பிற இடங்களிலும் தமிழர் வேட்டையாடப்பட்டனர். ஆகஸ்டில் நிறைவேறிய ஆறாவது திருத்தம் பிரிவினையைக் கைவிட்டு உறுதிமொழி ஏற்குமாறு பணித்தது. அதனை ஏற்க மறுத்த கூட்டணியினர் நாடாளுமன்ற இடங்களை இழந்தனர். அதன்பின் ஆயுதம் ஏந்தியோரை மறுத்துப் பேசும் வலிமை மிதவாதிகளுக்கு இல்லாது போயிற்று.

ஒப்பீடு

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்து நோக்கினால் நான்கு வேறுபாடுகள் புலப்படுகின்றன.

ஒன்று, குடியுரிமை. எல்லை எங்கு வரையப்பட்டாலும் வடமாலபேட்டைத் தமிழரும் திருத்தணித் தெலுங்கரும் ஒரே நாட்டின் சமநிலைக் குடிமக்களாகவே இருந்தனர். மாநிலம் மாறியதால் எவரும் வாக்கை இழக்கவில்லை. எல்லை கடந்து பணி தேடவும் மணவுறவு கொள்ளவும் தடை இருக்கவில்லை. எலும்பு முறிவுக்குப் புத்தூர்க் கட்டை நாடிச் செல்லும் தமிழ்நாட்டார்க்கு மாநில எல்லை ஒரு பொருட்டாக இருந்ததில்லை.

இரண்டு, நடுவர். தமிழர், தெலுங்கர் என்னும் இரு தரப்புக்கும் வெளியே நின்று முடிவு கூறும் ஓர் அதிகார மையம் தில்லியில் இருந்தது. அம்மையம் இரு மொழிகளுள் எதையும் சார்ந்து வாக்குப் பெற வேண்டிய நிலையில் இல்லை. இலங்கையின் ஒற்றையாட்சியில் அத்தகைய மூன்றாமவர் இல்லை. பூசலில் ஒரு தரப்பாக இருந்தவரே தீர்ப்புக் கூறுபவராகவும் இருந்தனர்.

மூன்று, உடன்பாட்டின் உறுதி. படாஸ்கர் பரிந்துரை சட்டமாகி, குறித்த நாளில் நடைமுறைக்கு வந்தது. இலங்கையின் உடன்பாடுகள் தலைவர்களின் வாக்குறுதியாகவே நின்று, எதிர்ப்பு எழுந்ததும் மறைந்தன. உடன்பாடே இல்லாத நிலையைக் காட்டிலும் முறிந்த உடன்பாடு கேடு மிகுதியும் விளைவிக்கும். அது கோரிக்கையைத் தோற்கடிப்பதோடு, பேச்சுவார்த்தை என்னும் வழியின்மீதே நம்பிக்கையை அழித்துவிடுகின்றது.

நான்கு, இருபுறச் சிறுபான்மை. எல்லைக்கு அப்பால் தமிழர் சிறுபான்மையினர். இப்பால் தெலுங்கர் சிறுபான்மையினர். ஒரு மாநிலம் இழைக்கும் தீங்கு மறுபுறம் தன் மொழியினர்க்கே திரும்பக் கூடும் என்னும் உணர்வு இரு அரசுகளுக்கும் ஒரு கட்டுப்பாடாக இருந்தது. இலங்கையில் சிங்களர்க்கு அத்தகைய கட்டுப்பாடு இருக்கவில்லை. மாறாக, கடலுக்கு அப்பால் வாழும் பெருந்தொகைத் தமிழரை எண்ணித் தாமே சிறுபான்மையினர் என அஞ்சும் மனநிலை அவர்களிடையே வளர்ந்தது.

எதிர்வாதங்கள்

இவ்வொப்பீட்டை மறுத்து மூன்று வாதங்கள் எழலாம். எல்லைச் சிக்கல் சில வட்டங்களைப் பற்றியது. இலங்கைச் சிக்கல் நாட்டின் அதிகாரப் பங்கீட்டைப் பற்றியது. இரண்டையும் ஒப்பிடுவது எவ்வாறு பொருந்தும் என்பது முதல் வாதம். அளவில் வேறுபாடு உண்டு என்பது உண்மையே. எனினும் இலங்கைச் சிக்கலும் தொடக்கத்தில் வட்டார அவை, நிர்வாக மொழி என்னும் அளவிலேயே இருந்தது. அது பெரிதானது வழிகள் அடைபட்ட பின்னரே.

மொழியை ஏற்றுக்கொண்டிருந்தால் போதுமே என்பது இரண்டாம் வாதம். கிழக்குப் பாகிஸ்தான் இதற்கு விடை தருகின்றது. 1952 பிப்ரவரி 21இல் டாக்காவில் வங்காளிகள் மொழிக்காக உயிர்நீத்தனர். 1956ஆம் ஆண்டின் அரசியலமைப்பு வங்காளத்தையும் அரசுமொழியாக ஏற்றது. எனினும் 1970 தேர்தலில் அவாமி லீக் பெரும்பான்மை பெற்றும் ஆட்சி கொடுக்கப்படவில்லை. 1971 மார்ச்சில் போர் மூண்டது. மொழியை ஏற்று அதிகாரத்தை மறுத்தல் போரைத் தடுக்கவில்லை. 1987இல் இலங்கையின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியபோது போர் தொடங்கி நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது.

இந்தியக் கூட்டாட்சியே அமைதிக்குப் போதிய காப்பு என்பது மூன்றாம் வாதம். இதுவும் பொருந்தாது. அதே அரசியலமைப்பின் கீழ்தான் பஞ்சாபில் ஆயுதப் போராட்டம் நிகழ்ந்தது. 1985 சூலையில் ராஜீவ் காந்தியும் லோங்கோவாலும் செய்த உடன்பாட்டின்படி 1986 சனவரி 26இல் சண்டிகர் பஞ்சாபிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். அந்நாள் வந்தது, ஒப்படைப்பு நிகழவில்லை. பூசல் பல ஆண்டுகள் நீண்டது. சட்ட ஏட்டில் உள்ள கூட்டாட்சியைக் காட்டிலும் கொடுத்த வாக்கை நிறைவேற்றும் ஆட்சியே காப்பாகின்றது.

மேலும், உள்நாட்டுப்போர் இனங்களுக்கு இடையே மட்டும் எழுவதில்லை. 1971இலும் 1987 முதல் 1989 வரையிலும் இலங்கை அரசை எதிர்த்து ஆயுதம் ஏந்திய மக்கள் விடுதலை முன்னணியினர் பெரும்பாலும் சிங்கள இளைஞரே. கல்வி பெற்றும் வேலையும் மதிப்பும் பெறாத தலைமுறை இரு இனத்திலும் ஒரே காலத்தில் கிளர்ந்தமை, போரின் வேர் மொழியில் மட்டும் இல்லை என்பதை உறுதிப்படுத்துகின்றது.

முடிவுரை

மொழி வேற்றுமை உள்நாட்டுப்போரின் காரணம் அன்று. குறையுடையோர் அதனை எடுத்துரைத்து ஓரளவேனும் தீர்வு காணும் வழிகளை அரசே தொடர்ந்து அடைப்பதுதான் காரணம். வேங்கட எல்லையில் தீர்வு அரைகுறையாக இருந்தது. ஆனால் வழி திறந்திருந்தது. இலங்கையில் முழுத்தீர்வு பன்முறை தாளில் எழுதப்பட்டது; ஆனால் வழி அடைபட்டது.

அமைதி நிலவுவதாலேயே நீதி நிறைந்துவிட்டது எனக் கொள்ளலாகாது. 1956ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தம் மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணித்தது. ஆந்திர எல்லை மாவட்டங்களில் தமிழ்வழிக் கல்வி தேய்ந்து வருவதை அவ்விதியைக் கொண்டே கேட்க வேண்டும். அதே அளவுகோல் இப்பக்கத்திற்கும் உரியது. தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தால் தமிழ் கட்டாயப் பாடமானபோது, தெலுங்கு முதலிய மொழிச் சிறுபான்மை மாணவர் நீதிமன்றத்தை நாடித் தேர்வில் விலக்குப் பெற்றனர். கோடீசுவரன் வழக்கு விடையின்றி மறைந்ததையும் இவ்வழக்குகள் விடை பெற்றதையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தால், பெரும்பான்மையாக இருக்கும் இடத்தில் தமிழர் எதைக் காக்க வேண்டும் என்பது விளங்கும். யாழ்ப்பாணத்தில் தமிழருக்கு மறுக்கப்பட்ட வழி திருத்தணியில் தெலுங்கருக்கும் வடமாலபேட்டையில் தமிழருக்கும் திறந்தே இருக்க வேண்டும்.